நட்டு இந்தப் பக்கம்

வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்த மனைவி அம்சவேணியின் அஸ்தியை அப்படியே ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வந்த சபாபதி, பூட்டைத் திறந்து அறைக்குள் நுழைந்ததும் சுவரில் இடித்துக்கொண்டான்.

சுவர் அங்கே இருந்திருக்கக் கூடாது.

வேலூருக்குப் புறப்படும்போது நடு வரிசையில் நின்றது. இப்போது ஒரு வரிசை தாண்டி அவன் பக்கம் வந்திருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம்.

மறுபக்கம் கடப்பாரைச் சத்தம். தறிக்குக் குழி தோண்டுகிறார்கள்.

நகரும் சுவர் அவன் போட்ட பிளான்தான். பிள்ளையார்பாளையத்தில் மருமகள் வந்தாலும் சுவரை இடிப்பார்கள், தறி கூடினாலும் இடிப்பார்கள். இடித்த செங்கலும் காரையும் தெருமுனையில் குவிந்து கிடக்கும். கிண்டியில் இன்ஜினியரிங் படித்து வந்தவன், அப்பாவின் வீட்டை அண்ணனுக்கும் தனக்குமாகத் திருத்திக் கட்டியபோது நடுவில் செங்கல் வைக்கவில்லை. தேக்குச் சட்டத்தில் பலகைச் சுவர்; அதை நிறுத்தத் தரையில் மூன்று வரிசைத் துளைகள். எந்தக் குடும்பம் பெருகுகிறதோ அதற்கு மற்றது ஒதுங்கிக் கொடுக்கலாம். இடிக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம்.

சர்க்கஸ் கூடாரம் என்று தெருவே சிரித்தது.

சட்டத்தை இறுக்கும் போல்ட்டின் தலை அண்ணன் பக்கம், நட்டு இவன் பக்கம். ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் நகர்த்த முடியாது.

இரண்டாவது தறிக்கு இடம் கேட்டு அண்ணன் போன ஆடியிலேயே வாய் திறந்தார். சபாபதி தலையாட்டவில்லை. தொட்டிலுக்கு இடம் வேண்டுமே.

இப்போது இவன் பக்கம் ஒரு நட்டுகூட இல்லை. போல்ட்டு முனைகள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன.

சாவி இவன் இடுப்பை விட்டு இறங்கவில்லை. பூட்டும் உடையவில்லை. கூரை ஓட்டைப் பிரித்து இறங்கியிருப்பார்கள்.

மாடத்திலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கம் போனான். திருடனைக் கேட்பதுபோல் கேட்டான். அவள் போய் ஒரு மாதம் பொறுக்க முடியவில்லையா என்றும் கேட்டான்.

அண்ணன் திருஞானசம்பந்தம் கடப்பாரையைச் சாய்த்து வைத்தார். உள்ளே போய், ஒரு சின்னத் துணிமுடிச்சைக் கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்தார். நீலப் புடவைக் கிழிசல். அம்சவேணியுடையது.

"அதுதாம்பா கழட்டிக் குடுத்துது. வேலூர் பஸ்ஸுக்கு ஜட்கா கூட்டியாரப் போனியே, அப்போ. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என் எதிர்ல நின்னு பேசாத பொண்ணு, வந்து நின்னு பேசிச்சு. 'எனக்கப்புறம் தறி போட்டுக்கோங்க மாமா, அவரு ஒருத்தருக்கு இம்மாம் எடம் எதுக்கு'ன்னுச்சு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."

முடிச்சை அவிழ்த்தான். உள்ளே நட்டுகள். துருப்பிடிக்காமலிருக்க ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவன் போட்டுவந்த எண்ணெய், விரலில் கறுப்பாக ஒட்டியது.

அன்று வேலூர் பஸ்ஸில், குணமாகித் திரும்பியதும் சுவரை அண்ணன் பக்கம் தள்ளிவிடலாம் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். தொட்டில் ஜன்னலோரமா, உள்ளே தள்ளியா என்று அவளும் கேட்டாள். அவள் விரல்களில் கறுப்பாக ஏதோ இருந்தது. கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு, என்ன இது என்றான்.

"வெளக்கு தொடச்சிட்டு வந்தேங்க" என்றாள்.