கள்ளுக்கடை வாசலில் திதிச்சோறு

மகன் செத்து வருஷம் திரும்பிய அன்று, ராமதாஸும் ஜெயலெட்சுமியும் கள்ளுக்கடைக்கு எதிரே அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

சேதி கேட்ட கோயில் கமிட்டித் தலைவர் முத்துவேலருக்குச் சோறு இறங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பினாங்குத் துறைமுகத்தில் தொங்காங் படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் கூலிகளுக்கு ராமதாஸ்தான் மேஸ்திரி. நாலு பேர் மதிக்கிற மனுஷர். போன வருஷம் வாந்திபேதி, அவருடைய ஒரே மகன் வேலாயுதத்தைப் பதினாறு வயதில் வாரிக்கொண்டு போனது. மகன் பேரில் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டித் தரச் சொல்லி முத்துவேலரே நேரில் போய்க் கேட்டிருந்தார்.

இங்கே வந்து பார்த்தால், தெருவோரம் வரிசையாக வாழை இலை. மூட்டை தூக்குகிறவன், மாட்டுவண்டிக்காரன், சாக்கடை அள்ளுகிறவன், குடித்தவன், குடிக்கப் போகிறவன் எல்லாரும் ஒரே பந்தி. ராமதாஸ் சாம்பார் வாளியோடு குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது நல்லா இருக்கா?"

"சாம்பாரா, அண்ணே? நல்லாத்தான் இருக்கு."

"விளையாடாதே. அன்னதானம் பண்ணணும்னா கோயில் இருக்கு. இல்லேன்னா தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் போற வழியில பந்தல் போடு. குடிகாரப் பயலுகளுக்கா வடை பாயசம்?"

ஓரத்து இலையில் ஒரு கை பாதியில் நின்றது. ஜெயலெட்சுமி அந்த இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "அவங்க சாப்பிடுறப்ப இப்படிப் பேசாதீங்க, அண்ணே."

"இந்த அடுப்பை அணைக்கலைன்னா அடுத்த திருவிழாவுல உங்களுக்கு மரியாதை கிடையாது. கோயில் வரியும் வாங்க மாட்டோம்."

"வாங்க வேணாம்," என்றார் ராமதாஸ்.

"மண்டபம்?"

"கட்டலை."

"உன் மகன் பேரைக் கல்லுல வெட்டி வைக்கிறேன்னு சொன்னேனேப்பா."

"இவங்க வாயில இருந்தாப் போதும். வருஷா வருஷம் இதே இடத்துலதான் அடுப்பு எரியும். கமிட்டியில சொல்லிடுங்க."

முத்துவேலர் ஜெயலெட்சுமியிடம் திரும்பினார். "நீயாவது யோசிச்சுப் பாரும்மா. தங்கமான புள்ள. இந்தக் கடைப்பக்கம் ஒரு நாளாவது வந்திருப்பானா?"

"வந்தான்," என்றாள் அவள்.

கையிலிருந்த கரண்டியைச் சோற்றுப் பானையில் வைத்தாள்.

"போன வருஷம் சாமி ஊர்வலம் பார்க்க வந்தவன், இதோ இங்கதான் சுருண்டு விழுந்தான். வாந்தியில குப்புறக் கிடந்திருக்கான். குடிச்சிட்டுக் கிடக்கான், இழுத்து ஓரமாப் போடுங்கன்னு ஊர்வலத்துல வந்த யாரோ சொல்லிட்டுப் போனாங்களாம். கடையில இருந்த இவங்கதான் வந்து புரட்டிப் பார்த்தாங்க. வாந்திபேதி, தொத்திக்கும்னு தெரிஞ்சேதான் தூக்கினாங்க. ஓட்டமா ஓடி வந்து என் மடியில போட்டாங்க. விடியறதுக்குள்ள போயிட்டான். ஆனா தெருவுல போகலை, அண்ணே. என் மடியிலதான் போனான்."

அவள் குரல் உடையவில்லை.

"தூக்கினவங்கள்ல ஒருத்தர் மறுவாரமே அதே நோயில போய்ச் சேர்ந்தார். முதல் இலையில உட்கார்ந்திருக்கிறது அவர் சம்சாரம்."

முத்துவேலர் முதல் இலையைப் பார்த்தார்.

அன்று ஊர்வலத்துக்கு முன்னால் பிரம்போடு வழி விலக்கிக்கொண்டு வந்தது அவர்தான். குப்புறக் கிடந்த பையனும் அந்த நாற்றமும் அவருக்கு நன்றாகவே ஞாபகம் வந்தன. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, 'சாமி வருது, அந்தக் குடிகார நாயை இழுத்து ஓரமாப் போடுங்கடா' என்று அவர் அதட்டியதும்.

பந்தியில் எல்லாரும் இலையைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஜெயலெட்சுமி மட்டும் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அது யார்னு இவங்க இன்னிக்கு வரைக்கும் எங்ககிட்ட சொன்னதில்லை. நீங்களும் சொல்லிடாதீங்க, அண்ணே. உட்காருங்க, இலை போடுறேன்."