மகுடம் கேட்ட சிம்பொனி

ஓர் இசை நாடகத்தில் அரசி அணிவதற்காக ஒரு மகுடம் செய்தார்கள். போர் மூண்டதால் நாடகம் மேடையேறவே இல்லை. மகுடம் அரங்கின் பக்கத்து அறையிலேயே கிடந்தது. ஒன்பது வருடம் காத்திருந்த இசையமைப்பாளர், வார்த்தைகளை எல்லாம் நீக்கி அந்த நாடகத்தை வாத்தியங்கள் மட்டுமே இசைக்கும் ஒரு சிம்பொனியாக மாற்றி எழுதினார். கடலில் மகனைப் பறிகொடுத்த அரசியின் பாட்டு, வயலினைவிடப் பெரிய, கனத்த குரல் கொண்ட செல்லோவுக்குப் போனது.

அரங்கேற்றத்தன்று செல்லோவை அந்த அறையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அது என் அரசியின் பாட்டு. உனக்கு ஒரு வார்த்தைகூட வராதே, கேட்பவர்களுக்கு என்ன புரியும்?" என்றது மகுடம்.

"எனக்கும் அந்தப் பயம்தான். அவள் என்ன பாடுகிறாள் என்றாவது சொல்லுங்களேன்," என்றது செல்லோ.

மகுடத்தின் குரல் தணிந்தது. "'அலையே, மெல்ல வா, என் பிள்ளைக்குக் குளிரும்' என்று பாடுகிறாள்."

செல்லோவை மேடைக்கு எடுத்துப் போனார்கள். திறந்த கதவு வழியாக மேடையும் முன்வரிசையும் மகுடத்துக்குத் தெரிந்தன. இருபது வயலின்கள் அலையாக எழுந்து அடங்கின. பிறகு செல்லோ தனியாகத் தொடங்கியது. மகுடம் கூடவே வார்த்தைகளை முணுமுணுத்தது. இரண்டாவது அடியிலேயே நிறுத்திவிட்டது. அந்த நாதத்தின் முன் வார்த்தைகள் மிகச் சிறியவையாக இருந்தன.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் சால்வையை மெதுவாகக் கழற்றினாள். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்கு அதைப் போர்த்திவிட்டாள்.