கேஸா, பாலா?

"கேஸா, பாலா? எது ஜெயிக்கும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். வீட்டுல பெரிய சண்டையே நடக்குது."

டெஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் முகத்துக்கு நேராகத் தாழ்வான முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்த மயக்க மருந்து டாக்டர் மரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருக்கும் யாருக்கும் சண்டை?"

"எனக்கும் என் மச்சினி லோர்னாவுக்கும்தான். எனக்கு மூளையில கட்டின்னு தெரிஞ்ச நாள்லேருந்து போன்ல தினம் நாலு கட்டுரை அனுப்பறா. மயக்கத்துக்குக் குடுக்கற கேஸ் இருக்கே, அது கட்டிக்குத் தீனி போடுதாம். பால் மாதிரி வெள்ளையா ஒரு ஊசி மருந்து இருக்காமே, அது கட்டியை அடக்கி வைக்குதாம். 'பாலையே கேளுங்க அத்தான்'னு எங்கிட்ட சொல்றது பத்தாதுன்னு, என் பொண்டாட்டி காதுலயும் ஓதி வெச்சிருக்கா. ஏதோ ஹோட்டல்ல ஆர்டர் குடுக்கற மாதிரி!"

"முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது" என்றாள் மரீ. "ஆய்வுக்கூடத்துல சின்னத் தட்டுல கட்டியோட செல்லை வளர்த்து, அது மேல அந்த கேஸை விட்டா, சில சமயம் வேகமாப் பரவுது. வெள்ளை மருந்தை விட்டா அடங்குது. ஆனா இன்னொரு ஊர்ல அதையே செஞ்சு பாத்தா வேற மாதிரி வருது. மனுஷங்களுக்கு எப்படின்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"பயிற்சி ஆட்டத்துல வெளுத்து வாங்கிட்டு, போட்டி அன்னிக்குக் காணாமப் போற டீம் மாதிரி."

"அதேதான்! எங்க ஆஸ்பத்திரிகள்லயே ரெண்டையும் வெச்சு எத்தனையோ பேருக்குப் பாத்துட்டிருக்கோம். முடிவு வர வருஷக்கணக்காகும்."

"உங்களுக்கே இந்தக் கட்டி வந்தா?"

மரீ கொஞ்சம் யோசித்தாள். "கேஸுக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டேன். கட்டி எவ்வளவு சுத்தமா வெளியே வருதுங்கறதுதான் எனக்கு முக்கியம்."

"லோர்னா ஒத்துக்க மாட்டா." டெஸ் பெருமூச்சு விட்டார். "ஒரு டீ கிடைக்குமா?"

"கிடைக்காது." ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்தாள். "பேசிட்டே இருங்க. பேச்சுதானே உங்க பொழைப்பு?"

உண்மைதான். கிப்ஸ்லாந்து பக்கம் சனிக்கிழமை மதியம் எந்த வீட்டு வானொலியைத் திருப்பினாலும் டெஸ்ஸின் குரல்தான் கேட்கும். பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் அந்தப் பக்கத்துக் கால்பந்தை முப்பத்தொரு வருடமாக அவர்தான் வர்ணிக்கிறார். போன குளிர்காலத்தில் ஒரு நாள், பந்து வானத்தில் இருக்கும்போதே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அரை நிமிடம் மௌனம். கேட்டவர்கள் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து ஆம்புலன்ஸை அழைத்தார். பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டியே கட்டி உட்கார்ந்திருந்தது.

"நான் பென்லிக்காரி, உங்க எதிரி டீம் ஊரு, தெரியுமில்ல?" என்றாள் மரீ.

"அடக் கடவுளே! முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற டாக்டரைக் கேட்டிருப்பேனே!"

"தொண்ணூத்தெட்டு இறுதி ஆட்டத்துல எங்களை ஏமாத்தித்தானே ஜெயிச்சீங்க?"

"ஏமாத்தியா? இருங்க, இருங்க. அன்னிக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்றேன்." டெஸ்ஸின் குரல் மாறியது. வானொலிக் குரல் வந்துவிட்டது. "நாலு நிமிஷம் பாக்கி! ரெண்டு பாயிண்ட் பின்னால நிக்குது நம்ம கூரன்பா! மைதானம் மொத்தம் சேறு, யாரு எந்த டீம்னே தெரியல! மக்கின்லி எடுக்கறான், ஒருத்தனைத் தாண்டறான், நீளமா உதைக்கறான்! பந்து மேல போகுது, கீழ வருது, கூட்டத்துக்கு நடுவுல தாவிப் பிடிக்கறான், பந்து இப்ப... பந்து இப்ப..."

நின்றுவிட்டது.

உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் பெரிதாகி மரீயையே பார்த்தன. அவள் கை சட்டென்று உயர்ந்தது. அறையே மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது. ஒரு நொடி. இரண்டு. மூன்று.

"...ஹெகார்ட்டி கையில!" என்றார் டெஸ்.

மரீ அவர் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், அன்னிக்கு மாதிரியே..." அவர் குரல் நடுங்கியது.

"அது அன்னிக்கு. இன்னிக்குப் பேர் வந்துருச்சில்ல? நிறுத்தாதீங்க. ஹெகார்ட்டி என்ன பண்றான்?"

"ஹெகார்ட்டி ஓடறான்." குரல் மெல்ல நிமிர்ந்தது. "வழுக்கி விழறான், எழுந்துக்கறான், பென்லிக்காரன் சட்டையைப் பிடிச்சு இழுக்கறான்..."

"இழுக்கல!"

"இழுத்தான்! நான் கண்ணால பாத்தேன்! நடுவரே பாத்தாரு!"

ஒவ்வொரு பெயரும் தடையில்லாமல் வந்து விழுந்தது. ஆட்டக்காரர்கள், அவர்களுடைய அப்பாக்கள், யார் எந்தப் பண்ணை என்பதுவரை. கால் மணி நேரமாக அந்த நாலு நிமிடத்தையே டெஸ் இழுத்துக்கொண்டிருந்தார். மரீ வேண்டுமென்றே மறுத்துப் பேச, அவர் இன்னும் உற்சாகமாகச் சண்டை பிடித்தார். தோற்ற ஊர்க்காரிக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாதுதான். ஆனால் அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்கு மனசு நிறைந்தது.

"கடைசி அரை நிமிஷம்!" என்று டெஸ் கூவியபோது, தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்துவிட்டு, எந்த மயக்கமும் கொடுக்காமல், பேச்சு கெடவில்லையே என்று கேட்டுக்கொண்டே இரண்டு மணி நேரமாக அவருடைய திறந்த மண்டைக்குள் வேலை செய்துகொண்டிருந்த அறுவை மருத்துவர் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்தார்.

"எடுக்க நெனச்ச கட்டி அத்தனையும் வெளியே வந்தாச்சு, டெஸ்" என்றார் அவர். "கோல் விழுந்துச்சா இல்லையான்னு சொல்லி முடிங்க, அப்புறம்தான் எலும்பை மூடுவேன்."