வாசலில் மஞ்சள் விளக்கு

லாரி ஓட்டுநர் வீட்டு வாசல்களில் மாதம் ஒருநாள் மஞ்சள் விளக்கு எரியும், எச்.ஐ.வி. பரிசோதனை வண்டி தானாக வந்து நிற்கும். என் வாசலிலும் எரிந்தது. அரசுப் பதிவேட்டில் மகன் செங்கோடனின் தொழிலை மளிகைக் கடை என்று மாற்றிப் பதிந்தேன். விளக்கு அணைந்தது.

இன்று வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

“ஏனுங் மாமா, நிக்காமப் போகுது?” என்றாள் ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் கவிநிலா.

“நம்ம குடும்பம் கௌரவமான குடும்பம்மா.”

“எனக்கு இருந்தா புள்ளைக்கும் வருமுங்க. கௌரவமா வந்து காப்பாத்தும்?”

வேட்டியைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி, அடுத்த விளக்கு வாசலில் நின்று கிளம்பிய வண்டியை மறித்தேன்.

“என் மகன் லாரி டிரைவர்” என்றேன், தெருவே கேட்கும்படி.

கவிநிலா கை நீட்டினாள். அவளைத் தடுத்து, என் விரலை முதலில் நீட்டினேன். எங்கள் குடும்பத்தில் எதையும் பெரியவர்தான் தொடங்கிவைப்பார்.