யாரு கை பட்டது?

“இடுப்பு கழண்டு போச்சுங்க மொதலாளி. செத்த நேரம் உக்காந்துக்கறேனுங்க,” என்றாள் பூவாத்தாள். விடிந்ததிலிருந்து பதினொரு துணிமூட்டைப் பச்சைப்பயிறை வெந்நீர் அண்டாவில் முக்கித் தூக்கியிருந்தாள். இன்னும் ஒன்று பாக்கி.

“உக்காரு, உக்காரு. கரோலினும் இப்படித்தான் உக்காந்தா. இப்ப ஊட்டுலயே உக்காந்திருக்கறா,” என்றார் வேலுமணி.

காரமடைப் பக்கத்தில் இயற்கை முளைப்பயிறு தயாரிக்கும் கூடம் அவருடையது. மருந்து எதுவும் கலக்கக் கூடாது. கிருமியை வெந்நீர்தான் கொல்ல வேண்டும். சூடு கூடினால் பயிறு முளைக்காது, குறைந்தால் கிருமி சாகாது. அந்தப் பக்குவம் அங்கே வேலை பார்த்த பூவாத்தாள், கரோலின் இருவருக்கும் அத்துப்படி.

அப்படியும் முளைப்பயிறில் கிருமி என்று ஆய்வில் வந்தது. ‘காலனிக்காரி கை, சுத்தம் எப்படி இருக்கும்?’ என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கரோலினை வேலையிலிருந்து நிறுத்தினார். மறுபடியும் கிருமி வந்தது. இப்போது பூவாத்தாளின் முறை.

ஆய்வுக்கூடத்திலிருந்து இன்று நிலோஃபர் நேரிலேயே வந்திருந்தார்.

“இவ கையப் பாருங்க மேடம். என்னென்னத்தத் தொட்டுப்போட்டு வந்தாளோ! என் கைராசியில வளந்த கம்பெனி, இவளுக கையால அழியுது.”

“அவங்க கையப் போன வாரமே சோதிச்சாச்சுங்க. சுத்தமா இருக்குது. அண்டாவுல இருந்து எடுத்த பயிறும் சுத்தம். ஊற வெக்கற தொட்டியில மட்டுந்தான் கிருமி.”

“அண்டாவுக்கும் தொட்டிக்கும் நடுவால இவதான மேடம் நிக்கறா!”

பூவாத்தாளுக்குச் சுருக்கென்றது. “கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சு போச்சுங்க. இதுக்கு மேல கழுவோணும்னா எலும்பத்தான் கழுவோணும்.”

“வாயி மட்டும் நீளுது! இன்னிக்கும் கிருமி வந்துச்சுன்னா உனக்கு இதுதான் கடைசி நாள். மேடம் கண்ணு முன்னால செஞ்சு காட்டு.”

அவள் கையுறையை மாட்டினாள். கடைசி மூட்டையை முக்கினாள். கடிகாரம் பார்த்துத் தூக்கினாள். ஒரு பயிறுகூடக் கீழே சிந்தாமல் தொட்டியில் கொட்டினாள். நிலோஃபர் தலையசைத்தார்.

“மூடிராத, இரு!” வேலுமணி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். ஒரு பிடி பயிறோடு வந்தார். கண்ணை மூடிக் கும்பிட்டுத் தொட்டியில் தூவினார்.

“நம்ம கைராசி இல்லாம இங்க ஒரு தொட்டி முளைச்சதில்லீங்க மேடம். பாத்தீங்கல்ல, கையக் கழுவிப்போட்டுத்தான் போட்டேன்.”

“கை இருக்கட்டுங்க. இந்தப் பயிறு சுடுதண்ணியில போனதுங்களா?”

“சாமி படத்துக்கு முன்னால வெச்சதுங்க அது! சாக்கப் பிரிச்சதும் எடுத்து வெக்கற மொதப் புடி. அதப் போயி யாராச்சும் சுடுதண்ணியில போடுவாங்களா?”

நிலோஃபர் பேனாவை மூடினார். “தொட்டி மொத்தமும் கெடறதுக்கு அந்த ஒரு புடி போதுங்க.”

பூவாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“தொட்டியக் கொட்டி நான் கழுவறேனுங்க மொதலாளி. நீங்க அன்னிக்கு முன்னால நிக்க வெச்சுப் பேசுன அதே நாலு பேரயும் கூட்டிக்கிட்டுக் கரோலின் ஊட்டுக்குப் போங்க. அவளுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்குதுங்க.”