கீரைச் சாக்கு

"கிட்ட போகாதீங்கட்டீ! அடியில என்னத்தப் புதைச்சு வச்சிருக்காளோ!"

குழுத் தலைவி பெத்தம்மாள் வெயிலம்மாள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் மகளிர் குழு மொத்தமும் நின்றது. எல்லார் கண்ணும் முற்றத்துச் சிமெண்டுச் சாக்கின் மேல்தான். வாய் கிழிந்த அந்தச் சாக்கில் பொன்னாங்கண்ணி தளதளவென்று மண்டிக் கிடந்தது.

வெயிலம்மாள் சாக்கை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மகளுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் அம்மா கையைப் பிடிக்காமல் பிள்ளை நடக்காது; அதனாலேயே குழுக் கூட்டத்துக்கு வெயிலம்மாள் எப்போதும் பிந்தித்தான் போவாள்.

இந்தக் கீரையைக் கடைந்து ஊட்ட ஊட்ட, போன வாரம்தான் பிள்ளை விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. சாக்கு போனால் மறுபடி இருட்டுதான். மழை பொய்த்த இந்த வருஷத்தில், கோவில்பட்டிச் சந்தையில் கீரை வாங்க அவளுக்கு வக்கில்லை.

"உள்ளதைச் சொல்லுட்டி," என்றாள் பெத்தம்மாள். "செடி, குழுவுல குடுத்தது. மண்ணு, எல்லாருக்கும் ஒரே கரிசல் மண்ணு. தண்ணி, ஒரே லாரித் தண்ணி. எங்க செடியெல்லாம் கருகிப் போச்சு. ஒனக்கு மட்டும் எப்படி நிக்குது?"

"சத்தியமாத் தெரியாது மதினி."

"நாங்க என்ன கொறையாவா பாத்தோம்?" பின்னால் நின்ற செல்வலட்சுமி அழுதேவிட்டாள். "தீப்பெட்டி ஆபீஸ்ல தீக்குச்சி மருந்து கலக்குன டின்னை மதினி கேட்டு வாங்கியாந்து குடுத்தாவ. கழுவுனா தண்ணி வீணாப் போகும்னு அப்படியே மண்ணைப் போட்டு, அந்தத் தண்ணியையும் செடிக்குத்தான ஊத்துனோம்!"

குழம்பில் போட ஒரு காய் இல்லாத வீடுகள். ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்தார்கள்.

"வேர்ல எலுமிச்சம்பழமோ தகடோ இருக்கும். கொட்டிப் பாத்துருவோம்," என்று பெத்தம்மாள் முன்னால் வந்தாள்.

"வேண்டாம் மதினி! எம்புள்ள கண்ணு மதினி அது!" வெயிலம்மாள் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். பெத்தம்மாள் காலை உதறிவிட்டுச் சாக்கைக் கவிழ்த்தாள்.

மண் கொட்டியது. பின்னாலேயே இரண்டு மண்புழு. குச்சியை வைத்துக் கிளறிக் கிளறிப் பார்த்தும் வேரைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

பெத்தம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்ப நாங்க செய்யாத எதைத்தாம்ட்டி நீ செஞ்ச?"

வெயிலம்மாள் அறுந்த கீரையை மண்ணோடு இரு கையாலும் அள்ளிச் சாக்குக்குள் போட்டுக்கொண்டே விசும்பினாள்.

"நான் ஒண்ணுமே செய்யல மதினி. கூட்டத்துக்குப் பிந்தி வந்தேன்னு, எனக்கு மட்டும் நீங்க டின்னு தரல."