ஆமை வக்கீலின் ஃபீஸ்

கண்ணுக்கெட்டிய வெட்டவெளியின் நடுவே பெருச்சாளி விற்க வைத்திருந்த வளை, சுண்டெலிக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. இருந்தாலும் வில்லங்கம் பார்க்க ஆமை வக்கீலை அழைத்து வந்தது.

“சேர்த்து வச்ச நெல்லுல பாதி, ஃபீஸ்” என்றது ஆமை.

சுண்டெலி வயிறெரிந்து கொடுத்தது.

ஆமை ஒரு கிள்ளு மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தது. “வாங்காதீங்க. இடத்துக்காரர் வெளியூர் போயிருக்கார். வந்துடுவார்.”

“ஒரு கிள்ளு மண்ணைத் தின்னதுக்கா சார் பாதி நெல்லு?”

“வரும்போது மேட்டுல நின்னு பாருங்க.”

ஐப்பசி அடைமழையில் இடத்துக்காரர் வந்தார். கரைக்குக் கரை தளும்பி, வானத்தையே மடியில் ஏந்திக்கொண்டு நின்றது ஏரி. வளை இருந்த இடமே தெரியவில்லை.

மேட்டில் நின்ற சுண்டெலிக்குத் திறந்த வாய் மூடவில்லை. தூரத்தில் ஆமை நீந்திக்கொண்டிருந்தது.

“சார்! பாதிதானே கேட்டீங்க!”